மனுவின் ஏழாவது பத்தி

காலை ஆறு மணி இருபது. திருப்பத்தூரில் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த என் அலுவலகத்துக்குப் படியேறும்போது முதலில் கண்ணில் பட்டவை இரண்டு பாதங்கள். கணுக்கால் வரை செம்மண் அப்பிக் காய்ந்து வெடித்திருந்தது. மேல்படியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு இருக்கலாம். ஆண்கள் போடும் துண்டு ஒன்றைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றியிருந்தாள்.

"தீத்து வுடுங்க ஐயா" என்றாள்.

புதூர்நாட்டைத் தாண்டி ஒரு மலையூர் அவளுடையது. முந்தின நாள் மதியம் கிளம்பி நடந்தே இறங்கியிருந்தாள். புருஷனிடமிருந்து விடுதலை வேண்டும். அதை ஊர்ப் பஞ்சாயத்தே கொடுக்கலாம். ஆனால் பஞ்சாயத்தைக் கூட்ட வேண்டிய ஊர்க்கவுண்டர் அவனுக்குப் பெரியப்பா. இரண்டு முறை கேட்டும் பொறுத்துப் போகச் சொல்லிவிட்டார். அண்ணன் வீடு பக்கத்து ஊரில் இருந்தது. அங்கே போய்விட முடியாதா என்று கேட்டேன்.

"தீராத பொம்பளைய வூட்ல வெச்சா அந்த வூட்ட ஊரே தள்ளி வெச்சுடும். எங்க அண்ணனுக்கு நாலு புள்ளைங்க. தீத்து வுட்டா எங்க அண்ணன் வூட்டுக்குப் போய்டுவேன். அவ்ளோதான் எனக்கு வேணும்."

எழுபதுகளின் கடைசி அது. நான் தனியாகத் தொழில் செய்தேன். குமாஸ்தா கிடையாது, கூட்டாளி கிடையாது. சட்டம் படிக்கும் முன் நான்கு வருடம் ஒரு நாளிதழில் நீதிமன்றச் செய்தி எழுதியவன். அந்தப் பழக்கத்தில்தான் மணமுறிவு வழக்குகளையும் நடத்தினேன். வருகிறவர்கள் சொல்வதை எங்கே, எப்போது, யார் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். பிறகு மறுபக்கத்துக்கு ஒரு கடிதம் போட்டு இரண்டு வாரம் காத்திருப்பேன். பாதி வழக்குகள் அந்தக் கடிதத்திலேயே முடிந்துவிடும். இவள் விஷயத்தில் காத்திருக்கப் பயந்து நேராக மனு போட்டேன். ஏழாவது பத்தியில் அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்: கேழ்வரகு அறுப்பு முடிந்த மறுநாள், அடுப்படியில், மாமியார் கண்ணெதிரே, கணவன் நாட்டுத் துப்பாக்கியை மனுதாரரின் நெஞ்சில் வைத்து அழுத்தினான்.

நல்ல பத்தி என்று அன்றைக்கு நினைத்தேன்.

என் மனைவிக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் வீட்டில் அவளைத் தங்கவைத்தோம். மனுவின் நகல் மலைக்குப் போனது. அங்கே படிக்கத் தெரிந்தவர் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்தான். கோயில் முன்னால் கூட்டம் கூடி நிற்க அவர் அதை உரக்கப் படித்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மருமகளுக்குச் சாட்சி என்று மாமியாரை நான் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கிழவிக்கு ஒரு வாரம் யாரும் சோறு போடவில்லை.

எட்டாம் நாள் அவள் புருஷன் என் அலுவலகத்துக்கு வந்தான். பகல் பதினொன்றரை மணி. ஒல்லியான ஆள், சுத்தமான வேட்டி. நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். நான் சொல்வதற்கு முன்பே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இன்னா வக்கீலே, நான் துப்பாக்கிய நெஞ்சுல வெச்சேன்னு எழுதிகிற. நீ பாத்தியா?"

"அவங்க சொன்னதை எழுதினேன்."

"தப்பா எழுதிகிற." சிரித்தான். எழுந்து, மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து, என் தொண்டைக்குழியில் ஆள்காட்டி விரலை வைத்தான். அழுத்தவில்லை. "இங்க வெச்சேன். இங்க. மாத்தி எழுதிக்க."

விரலை எடுத்துவிட்டு, அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று கேட்டான். தெரியாது என்றேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். திருப்பத்தூரு இன்னா பெரிய ஊரா?" என்று சொல்லிப் படியிறங்கினான். கீழே சைக்கிள் கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்தான். சாயங்காலம் வரை எதிர்த் தெருவில் நின்றான். அன்றைக்கு நான் பின்பக்கச் சுவரேறிக் குதித்து வீட்டுக்குப் போனேன். அவள் கழுத்தில் ஏன் துண்டு கட்டியிருந்தாள் என்று நான் ஒருமுறையும் கேட்கவில்லை என்பது அந்தச் சுவரில் ஏறும்போதுதான் உறைத்தது.

முதல் வாய்தாவில் நீதிபதி மனுவை இரண்டு நிமிடம் படித்தார்.

"மனுதாரர் மலைவாழ் பழங்குடிதானே?"

"ஆமாம்."

"இந்து திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று உங்களுக்குத் தெரியாதா? சட்டத்தின் இரண்டாவது பிரிவு. அவர்கள் வழக்கம்தான் அவர்களுக்குச் சட்டம். போய் அவர்கள் ஊரிலேயே தீர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முந்தின வருடம் இதேபோல் ஒரு மலைக் குடும்பத்துக்கு மனு போட்டேன். எதிர்த்தரப்பு வராததால் யாரும் கேள்வி கேட்காமல் தீர்ப்பு வந்துவிட்டது. அதை நம்பிவிட்டேன். மனு தள்ளுபடியானது. அவளை வைத்துக்கொள்ள அண்ணனுக்கும் வழியில்லை, அவள் இருக்குமிடத்தைத் தேடும் ஒருவனைத் தடுக்கச் சட்டமும் இல்லை. எல்லாம் என் கையெழுத்தோடு நடந்தது.

நான்காம் நாள் ஊர்க்கவுண்டரிடமிருந்து ஜீப் ஓட்டுநர் மூலம் சொல் வந்தது. பஞ்சாயத்து கூட்டுகிறோம், பெண்ணை அழைத்துக்கொண்டு வக்கீலும் வரவேண்டும், துப்பாக்கி என்று எழுதின காகிதங்கள் அத்தனையும் கொண்டுவர வேண்டும். காரணம் ஓட்டுநருக்கே தெரிந்திருந்தது. மலையில் வீட்டுக்கு ஒரு துப்பாக்கி இருந்தது, லைசென்ஸ் எதற்கும் இல்லை. கோர்ட்டுக் காகிதத்தில் எழுதிவிட்டார்களாம், போலீஸ் ஏறி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுமாம்.

"போலாமாய்யா?" என்றாள்.

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்குந்தான். போலாம்."

புதூர்நாடு வரை ஜீப். பிறகு ஒன்றரை மணி நேர நடை. பாதையின் இருபுறமும் சாமைக் கொல்லை, இடுப்பளவு பயிர். காற்று அசைத்த இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவள் ஒரே ஒரு முறை நின்றாள். மண்ணில் புதிதாகப் பதிந்திருந்த ஒரு காலடியைப் பார்த்தாள். பிறகு நடந்தாள்.

கோயில் முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். பஞ்சாயத்தில் செருப்பும் துப்பாக்கியும் கூடாது என்பது அங்கே வழக்கம். செருப்புகள் வெளியே கிடந்தன, துப்பாக்கிகள் பலாமரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஏழு எண்ணினேன்.

"வக்கீலு துப்பாக்கிய எண்ணிகினு கீறாரு பாரு" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "ஒரு சொம்பு தண்ணி குடுங்கடா, இங்கியே வுழுந்துடப் போறாரு." சிரித்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன்.

காகிதங்களைக் கொடுத்தேன். ஊர்க்கவுண்டர் அவற்றைத் தொடை மேல் வைத்துக்கொண்டார். "துப்பாக்கின்னு இனிமே எங்கியும் எழுதக் கூடாது" என்றார். எழுத மாட்டேன் என்றேன்.

வரகுப் பயிரின் காய்ந்த தாள் ஒன்றை எடுத்தார். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இருவரும் அதை முறித்தால் தீர்ந்தது, வேறு சடங்கில்லை. அவள் புருஷன் வந்து ஒரு முனையைப் பிடித்தான். கை காலியாகத்தான் இருந்தது. அவள் பிடிக்கவில்லை. பலாமரத்தைப் பார்த்தாள்.

"அந்தாளுது அங்க இல்ல" என்றாள். "எடுத்தாரச் சொல்லுங்க பெரிய மாமா. அப்பறம் முறிக்கிறேன்."

"வூட்ல கீது" என்றான் அவன்.

ஊர்க்கவுண்டர் ஒருவரை அனுப்பினார். அவர் திரும்பி வந்து வீட்டில் இல்லை என்றார். அவன் தாளைப் பிடித்தபடியே நின்றான்.

"டேய், எங்கடா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

அவன் தாளை விரலில் சுற்றினான்.

"உன்னத்தான் கேக்கறேன். ஊரு முழுக்க ஜெயிலுக்குப் போணுமா உன்னால?"

"தம்பிகிட்ட கீது."

"தம்பி எங்க?"

அவன் கையைக் காட்டினான். நாங்கள் ஏறி வந்த, திரும்பி இறங்க வேண்டிய பாதைப் பக்கம் காட்டினான்.

இரண்டு பேர் போய்க் கூட்டிவந்தார்கள். தம்பிக்குக் கல்யாண வயது. முழங்காலில் சாமைத் தாள் ஒட்டியிருந்தது. யார் முகத்தையும் பார்க்கவில்லை. துப்பாக்கியில் கருமருந்து கெட்டித்து, சுடத் தயாராக இருந்தது. அந்த வகைத் துப்பாக்கியில் கெட்டித்த மருந்தைத் திரும்ப எடுப்பது சுலபமல்ல, சுட்டுத்தான் தீர்க்க வேண்டும். ஊர்க்கவுண்டர் அதை வாங்கி, எழுந்து, சரிவில் மண்ணைப் பார்த்துச் சுட்டார். எதிர்மலையிலிருந்து சத்தம் திரும்பி வந்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

அவள் தாளின் மறுமுனையைப் பிடித்து முறித்தாள். ஊர்க்கவுண்டர், "தீந்துச்சு. இனிமே அவ யாரோ, நீ யாரோ" என்றார். நான் அதை ஒரு காகிதத்தில் எழுதி ஏழு பேரிடம் கைநாட்டு வாங்கினேன். துப்பாக்கி என்ற சொல் அதில் இல்லை.

அவள் என்னோடு இறங்கவில்லை. அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போனான். அண்ணன் ஊருக்கும் புருஷனாக இருந்தவன் ஊருக்கும் தண்ணீர் எடுக்க ஒரே சுனைதான்.