மெழுகு காணாத காயில்

கிதார் கம்பெனியில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘இரைச்சல்’. சத்தம் போடுகிற ஆள் இல்லை. அவர் பேச்சில் பாதி வெறும் ‘ம்’தான். பெயர் வேலையால் வந்தது. செய்து முடித்த ஒவ்வொரு எலக்ட்ரிக் கிதாரும் கடைசியாக அவருடைய சோதனை அறைக்குத்தான் வரும். ஆம்ப்ளிஃபயரில் செருகுவார். ஒரு கம்பியைக்கூட மீட்டாமல் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். “இரைச்சல் இருக்கு” என்பார். அவ்வளவுதான், கிதார் வந்த வழியே திரும்பிப் போகும்.

சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதர், அதை வேலை நேரத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், அந்த சீட்டுக்கு என்ன கோளாறு என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். “இவர் செத்தாக்கூட, நெஜமாத்தான் செத்தோமான்னு ஒரு தடவை எழுந்து பார்த்துட்டுத்தான் படுப்பார்” என்பது அவர் மனைவி அக்கம்பக்கத்தில் அடிக்கடி சொல்லும் பேச்சு.

அந்தக் கம்பெனி பிறந்தது ஒரு ரேடியோ ரிப்பேர் கடையின் பின்னறையில். கடை பெரியவருடையது, ரேடியோவைத் திறந்து மூடுகிற வேலை இரைச்சலுடையது. ஒரு நாள் பாட்டுக் குழுவில் கிதார் வாசிக்கிறவன் வந்து, “டிரம்ஸ்காரன் அடிக்க ஆரம்பிச்சா என் கிதார் எனக்கே கேக்கலண்ணே” என்று அழாத குறையாகச் சொன்னான். கழற்றிப் போட்டிருந்த கதவுப் பலகை ஒன்றைப் பெரியவர் அறுத்து கிதார் ஆக்கினார். தந்திகளுக்கு அடியில் காந்தம், காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியில் ஒரு சுருள், அதுதான் காயில். தந்தி அதிர்ந்தால் காயிலில் மின்சாரம் துடிக்கும். ஆம்ப்ளிஃபயர் அதைச் சத்தமாக்கும். அந்த முதல் காயிலைத் தையல் மெஷினின் சக்கரத்தில் வைத்து அறுந்து போகாமல் சுற்றிக் கொடுத்தவள் இரைச்சலின் தங்கை.

சுற்றிய காயிலை உருக்கிய மெழுகில் முக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றுகள் தளர்ந்து ஆடி, தந்தியின் அதிர்வோடு பக்கத்தில் பேசுகிற பேச்சையும் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் பின்னால் பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் காயில் மெழுகைக் கண்டதே இல்லை. அதனால் அதற்குக் காது இருந்தது.

கடை தொழிற்சாலையான பிறகு, கதவுப் பலகை கிதாரைப் பெரியவர் தன் அறைச் சுவரில் மாட்டினார். சுவரில் ஓட்டை போட்டு, அதன் வயரைப் பக்கத்திலிருந்த சோதனை அறையின் ஆம்ப்ளிஃபயருக்கு இழுத்தார். “புதுசையும் பழசையும் பக்கத்துல வச்சா கண்ணு ஏமாத்திடும். நடுவுல ஒரு சுவர் இருக்கட்டும்” என்றார். அந்தப் பக்கம் அவர் பழசை மீட்டுவார், இந்தப் பக்கம் இரைச்சல் புதுசை மீட்டுவார். ஒத்துப்போனால்தான் பெட்டிக்குள் போகும். நடுவில் கிதார் பக்கம் குனிந்து, “டேய் இரைச்சல், ரெண்டு டீ” என்பார் பெரியவர். டீ வந்துவிடும். இது எப்படி நடக்கிறதென்று அண்ணன் தங்கை இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

பெரியவர் போனார். மகளைக் கட்டிய மாப்பிள்ளை அந்த நாற்காலிக்கு வந்தார். பழசை மீட்டுவது நின்றது. வயர் மட்டும் கிடந்தது. பெரியவர் கையால் செருகியதைப் பிடுங்க மனம் வராமல், ஆம்ப்ளிஃபயரில் அதற்கான வால்யூம் திருகை மூடி வைத்துவிட்டு இரைச்சல் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்.

வினை புது மாடலில் வந்தது. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் கொம்பு நீண்ட கிதார். இவர்களுடையது கடைக்குப் போகும் முன்பே எதிர்க் கம்பெனி அதே மாதிரி ஒன்றைக் கடையில் மாட்டியிருந்தது. அதே சாம்பல் நீலம், அதே பெயர், அதே மாதிரி மூன்று காயில். கொம்பு மட்டும் இவர்களுடையது வெளியே வளையும், அவர்களுடையது உள்ளே வளைந்திருந்தது. “திருட்டு தெரியக் கூடாதுன்னு வேணும்னே மாத்தியிருக்கான்” என்றார் மாப்பிள்ளை. அடுத்த மாடலுக்கும் இதே கதி.

வாசலில் பைகளைத் துழாவ ஆள் போட்டார்கள். டீ நேரத்தில் பேச்சு செத்தது. பெயின்ட் அடிக்கிறவன் விசில் அடித்தால், இவனுக்கு எங்கிருந்து சந்தோஷம் வந்தது என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இரைச்சல் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டார், அட்டைப்பெட்டிக்காரரைத் தவிர. அவர் வெளியாள். மத்தியானம் பெட்டிகளை இறக்கிவிட்டு, மின்விசிறி இருக்கிறதென்று சோதனை அறையில் உட்கார்ந்து சாப்பிடுவார். “இதுல எந்தப் பக்கம்ணே ஊதணும்?” என்று கிதாரைக் காட்டிக் கேட்கிற ஆளை என்னவென்று சந்தேகப்படுவது?

தங்கையைச் சந்தேகப்பட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருமுனையில் எதிர்க் கம்பெனியின் வேனிலிருந்து அவள் இறங்கியதைத் தன் கண்ணால் பார்த்திருந்தார். அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. தினமும் காயில் பிரிவுக்குப் போய் அவளோடுதான் மத்தியானச் சாப்பாடு. சாப்பாட்டு டப்பாவையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வருவார். பொய் சொல்லிவிடுவாளோ என்பதைவிட, உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்றுதான் பயம்.

வேனை வேறு யாரோகூடப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மத்தியானம் மாப்பிள்ளை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். இரைச்சல் சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடினார். கணவன் இல்லாதவள். மகள் கல்லூரியில் கடைசி வருஷம். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கப்போகிற முதல் ஆள். திருடி என்று பெயர் வாங்கி வெளியே போனால் எந்தக் கம்பெனியும் வாசலில்கூட நிற்க விடாது. படிப்பும் நடுவில் நின்றுவிடும்.

இரைச்சல் சோதனை அறைக்கு வந்தார். அட்டைப்பெட்டிக்காரர் மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆம்ப்ளிஃபயர் வால்வுகள் சூடாகவே இருந்தன. ஆறவிட்டால் மறுபடி சூடேற நேரம் பிடிக்கும் என்று மத்தியானம் அதை அணைப்பதில்லை. இரைச்சல் பழைய கிதாரின் திருகைப் பிடித்துத் திருப்பினார்.

திருப்பிய கை அப்படியே நின்றது. வருஷக்கணக்கில் தொடாத திருகு கரகரவென்று கத்த வேண்டும். தூசி அடைந்த எந்தத் திருகும் கத்தும். இது முனகக்கூட இல்லை. இரைச்சலே இல்லை.

ஸ்பீக்கரிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. “கடைசியாக் கேக்கறேன்மா, அவங்களுக்கு யார் சொல்றது?”

இரைச்சல் திரும்பிப் பார்த்தார். பெட்டிக்குள்ளிருந்து திடீரென்று முதலாளி பேசினால் எந்த மனுஷனுக்கும் தூக்கிவாரிப் போடும். அட்டைப்பெட்டிக்காரருக்குப் போடவில்லை. மென்றுகொண்டிருந்ததை மென்று முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். நிமிர்ந்தபோது இரைச்சலின் கண்ணைப் பார்த்தார். அப்புறம்தான், ரொம்பத் தாமதமாக, “ஐயோ, என்னண்ணே இது!” என்றார்.

ஸ்பீக்கர் விடவில்லை. “நீங்க இல்லன்னா உங்க அண்ணனா? அவர்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. பொண்ணு படிப்பையும் பாருங்க.”

இரைச்சல் ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனார். பிறகு செருப்புச் சத்தம், நெருங்கி வந்தது. தங்கையின் குரல் காதோடு பேசுவது போல வந்தது.

“அண்ணே, கேட்டுக்கிட்டுத்தானே இருக்கே? இங்க வா.”

இரைச்சல் வெளியே வந்து, சோதனை அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். மாப்பிள்ளையின் அறைக்குள் போய், சுவரில் தொங்கிய கிதாரைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். அவர் வாழ்நாளில் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

மாப்பிள்ளை சிரித்தார். “தங்கச்சிக்காகக் கதை நல்லாத்தான் கட்டறீங்க.”

“கதை இல்லீங்க. கலர், பேர், காயில் கணக்கு, எல்லாம் மத்தியானம் இங்க உக்காந்து வாய் விட்டுப் பேசினீங்களா?”

“படம் வரையிறவரோட பேசினேன்.”

“கொம்பு எந்தப் பக்கம் வளையுதுன்னு?”

“அது... படத்துலயே இருக்கு. வாயால எதுக்குச் சொல்லணும்?”

“அதான் அவங்க கொம்பு தப்பா வளைஞ்சிருக்கு. பார்த்தவன் சொல்லல. கேட்டவன் சொல்லியிருக்கான்.”

பக்கத்து அறையில் கதவு தடதடத்தது. திறந்தபோது அட்டைப்பெட்டிக்காரர் தானாகவே ஆரம்பித்தார்: “சும்மா நேரம் போகலன்னு திருகினேங்க. அவங்களுக்கும் நான்தானே பெட்டி போடறேன், பேச்சுவாக்குல...” அந்தப் பேச்சுவாக்கு எங்கே போய் முடிந்தது என்பதை அவரே சொல்லி முடிக்கவில்லை.

“மன்னிச்சிடுங்கம்மா” என்றார் மாப்பிள்ளை. தங்கை அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“திருகை எதுக்குத் திருப்பினே?” என்று அண்ணனைக் கேட்டாள்.

“உன்னை அவர் என்ன சொல்றாரோன்னு...”

“இல்ல. நான் என்ன சொல்லப்போறேன்னு.”

இரைச்சல் தரையைப் பார்த்தார். “வேன்லேர்ந்து எறங்கினதைப் பார்த்தேன்.”

“வேலைக்கு வான்னு கூப்பிட்டாங்க. போய்ப் பார்த்தேன். அங்க எல்லாம் மெஷின் சுத்துது, பட்டனை அமுக்க ஒரு ஆள் வேணுமாம். வேணாம்னு வந்துட்டேன். கேட்டிருந்தா சாப்பிடும்போதே சொல்லியிருப்பேன்.”

“நான் கேட்டுட்டு இருப்பேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“என் மூஞ்சியைப் பார்க்காம சாப்பிடறவன் காதை மட்டும் சும்மாவா வச்சிருப்பான்?”

அன்றைக்கே கதவுப் பலகை கிதாரை இறக்கினாள். தன் கையால் சுற்றிய காயிலைக் கழற்றி, மெழுகுச் சட்டியில் முக்கினாள். சுற்றுகளுக்குள் அத்தனை வருஷமாக இருந்த காற்று சின்னச் சின்னக் குமிழியாக மேலே வந்தது. குமிழி நிற்கும்வரை அவள் எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

மறுநாள் கிதார் பழையபடி சுவரேறியது. “போய்க் கேட்டுப் பாரு. நான் பேசறேன்” என்றாள்.

இரைச்சல் சோதனை அறைக்குப் போய் திருகை முழுக்கத் திறந்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் இல்லை. மெழுகு பிடித்துவிட்டது. இல்லை, அவள் பேசவே இல்லையோ? சும்மா நின்றுகொண்டு ஏமாற்றுகிறாளோ? மனசு கேட்கவில்லை. போய் அந்த அறைக் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். கிதாரோடு முகத்தை வைத்து, கண் கலங்க, நிறுத்தாமல்.

இவரைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

“என்ன, நம்பலையா?”

“பிடிச்சிருச்சு. ஒண்ணும் கேக்கல” என்றார். போகவும் இல்லை. “என்ன பேசினே?”

“அது உனக்குக் கேக்கக் கூடாதுன்னுதானே மெழுகு போட்டேன்” என்று சொல்லிவிட்டு, அவரைத் தாண்டிக் காயில் பிரிவுக்குப் போனாள்.