வடிக்காத நாற்றங்கால்

மலர்க்கொடி கஞ்சியை வெள்ளைத் துணியில் ஊற்றி முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். பக்கவாதம் வந்தவருக்குக் கஞ்சி கெட்டியாக இருக்க வேண்டும், ஒரு பருக்கையும் தங்கக் கூடாது. சொல்லிக்கொடுத்தது நான்தான். வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

பிழிந்து என்ன பயன்? கட்டிலில் கிடந்த ரெத்தினம் வாயைத் திறக்கவில்லை.

நன்னிலத்துக்குப் பக்கத்துக் கிராமம். மலர்க்கொடியின் அப்பாவும் அம்மாவும் பண்ணைக் கூலிகள். இவளும் சிறு வயதிலேயே நடவுக்கு இறங்கியவள். ரெத்தினத்தைக் கட்டிக்கொண்ட பிறகு இருவரும் குத்தகைக்கு உழுது, பிறகு சொந்தமாக ஒரு துண்டு வயல் வாங்கினார்கள். பிள்ளை இல்லை. அடைமழை நேரத்தில் ரெத்தினத்துக்கு வலது பக்கமும் பேச்சும் போயின. மாசியில் வாயையும் மூடிக்கொண்டார்.

அன்று காலை டாக்டர் வந்து தொண்டையைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "விழுங்க முடியுதும்மா. இவரு மாட்டேங்குறாரு. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, மூக்கு வழியா டியூப் போட்டுடுவோம்."

மலர்க்கொடிக்கு அதுதான் பயம். ரெத்தினத்தின் அண்ணனுக்கு டியூப் போட்டு, பிடுங்குகிறார் என்று கையைக் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். அப்படியே போய்ச் சேர்ந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றே ரெத்தினம் இவளிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார், தனக்கு அது வேண்டாம் என்று.

"செய்ய மாட்டேன்னு சொல்லிட்டேன்க்கா. இப்ப பட்டினியில சாகவிடவா?" என்றாள். நான் ரெத்தினத்தின் உதட்டைத் தண்ணீர்ப் பஞ்சால் துடைத்துவிட்டேன்.

அப்போதுதான் அவளுக்குச் சுடர்விழியின் நினைவு வந்தது. அதே தெருப் பெண். சென்னையில் படித்தவள். போன ஆனியில் ரெத்தினத்தின் நாற்றங்காலைச் சுற்றிலும் பார்க்கும் கேமராவில் எடுத்து, மயிலாடுதுறையில் கண்காட்சி வைத்தாள். வருகிறவர்கள் சேற்றுத் தட்டில் கால் வைத்துக்கொண்டு, கண்ணை மறைக்கும் கருவியை மாட்டினால் வயலுக்குள் நிற்பது போலவே இருக்குமாம். ரெத்தினம் அதைப் பார்க்கப் போவதற்குள் விழுந்துவிட்டார்.

மதியமே சுடர்விழி கருவியோடு வந்துவிட்டாள்.

"இந்த டப்பாக்குள்ளயா எங்க வயலு இருக்கு? அப்ப பட்டாவ எம் பேருக்கு மாத்திக் குடுடி" என்றாள் மலர்க்கொடி. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

மாட்டிவிட்டோம். ரெத்தினத்தின் தலை மெல்லத் திரும்பியது. எதையோ தேடிப் பார்த்தார். வாய் தானாகத் திறந்தது. மலர்க்கொடி கரண்டியை வைத்தாள், விழுங்கினார். இன்னொன்று, அதையும் விழுங்கினார்.

படம் முடிந்து தானாக மறுபடி ஓடியது. மறுபடியும். மூன்றாம் முறை அவர் முனக ஆரம்பித்தார். இடது கையால் போர்வையைத் தன் பக்கம் இழுத்து இழுத்துச் சுரண்டினார். கருவியைக் கழற்றினோம். பல்லை இறுகக் கடித்துக்கொண்டு அழுதார். கரண்டி நுழையவில்லை. சுரண்டல் மட்டும் நிற்கவில்லை, நகக்கண்ணில் ரத்தம் வந்தது.

"என்னத்தடி காட்டித் தொலச்ச? ரெண்டு வாய் உள்ள போச்சு, அதுவும் போச்சு!"

"எல்லாருக்கும் காட்டுற படந்தான் பெரிம்மா..." என்றாள் சுடர்விழி.

மலர்க்கொடி கருவியைப் பிடுங்கித் தானே மாட்டிக்கொண்டாள். அவளும் அதுவரை பார்த்ததில்லை. முளைகட்டிய விதையைத் தெளித்துவிட்டு, சாயங்காலம் ரெத்தினம் மடையைத் திறக்கிறார். தண்ணீர் பளபளவென்று ஏறுகிறது. அவ்வளவுதான். மறுபடி மடை, மறுபடி தண்ணீர்.

கழற்றிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"வடிக்கவே இல்லையேடி. சாயந்தரம் கட்டுன தண்ணிய விடிஞ்சா வடிச்சாகணும். இல்லன்னா மொள அழுகிப்போயிரும். மனுஷன் கண்ணு முன்னாடி வெதைய மூழ்கடிச்சிட்டு நிக்கிறோம்."

"மறுநாள் எடுக்கலையே பெரிம்மா. தண்ணி பாயறதோட முடிச்சிட்டோம்."

"நாந்தானே போதும் கெளம்புங்க, வடை ஆறுதுன்னு ஒங்கள வெரட்டுனேன்."

அவர் காதருகே குனிந்தாள். "ஏங்க, வடிச்சாச்சுங்க. அறுப்பே முடிஞ்சு உளுந்து நிக்கிது வயல்ல." அவர் நம்பவில்லை. கண்ணால் பார்த்ததல்லவா? தண்ணீரை வடிக்க, கை போர்வையில் வரப்பை வெட்டிக்கொண்டே இருந்தது. நானும் அதை அரிப்பு என்றே நினைத்து எண்ணெய் தடவியிருந்தேன். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. வயலுக்குத் தூக்கிப் போனாலும் காட்ட ஒன்றுமில்லை.

"டியூப் போட்டா இந்தக் கையையும் கட்டிருவாங்கள்ல?" என்று கேட்டாள்.

"பிடுங்கினா கட்டுவாங்க" என்றேன். பொய் சொல்லி ஆகப்போவது எதுவுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் காலையில் வர வேனுக்குச் சொல்லிவைத்தோம். நானும் இரவு அங்கேயே தங்கினேன்.

மறுநாள் விடியும்போது கொல்லையில் அடிபம்பு சத்தம். போய்ப் பார்த்தேன். மலர்க்கொடி கட்டில் அகலத்துக்குப் பாத்தி கட்டி, சேறு குழைத்துச் சமன் செய்து, குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். சுடர்விழி பம்பை அடித்தாள். விதைக்கு வைத்திருந்த நெல்லில் ஒரு பிடி தண்ணீருக்கடியில் கிடந்தது. இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் போய் அவரை நிமிர்த்தி, சக்கர நாற்காலியில் வைத்து, இடுப்பில் துண்டால் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தேன்.

தண்ணீரைப் பார்த்ததும் அவர் மூச்சு வேகமாயிற்று. மலர்க்கொடி மண்வெட்டிக் காம்பை அவருடைய இடது கையில் கொடுத்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டாள்.

"வெட்டுங்க."

வரப்பு உடைந்தது. தண்ணீர் வாழையடிக்கு ஓடியது. சேறு தெரிந்து, நெல்மணிகள் தெரியும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கை காம்பிலிருந்து தானாக வழுக்கி மடியில் விழுந்தது. சுரண்டவில்லை.

மலர்க்கொடி சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தாள். வாய் லேசாகத் திறந்தது. ஊட்டினாள். நான் அவர் தொண்டையில் விரலை வைத்துக் காத்திருந்தேன். வெகு நேரம் ஒன்றும் அசையவில்லை. வாசலில் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது.

விரலுக்கடியில் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"போச்சு. அடுத்தது குடு" என்றேன். சுடர்விழி வேன்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்ல ஓடினாள்.