எந்த நைனா?

என் மகளின் படக்கதை நோட்டு மேசைமேல் கிடக்கிறது. ஒரு கிழட்டுக் கட்டுமரத்துக்கும் நண்டுக்குஞ்சுக்கும் ஏற்பட்ட சிநேகம்தான் கதை. கடைசிப் படத்தில் மரத்தை அலை இழுத்துப்போகிறது. நண்டு கரையில் நிற்கிறது. அடுத்த பக்கம் வெறுமை.

கதையைச் சொன்னவர் சாந்தோம் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த முதியவர். சென்ற கோடையில் மாலைதோறும் மயிலாப்பூரிலிருந்து அங்கே காற்று வாங்கப் போவோம். நான் பத்திரிகை படிப்பேன். எட்டு வயது மகள் அவரருகே மணலில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல வர்ணப் பென்சிலால் வரைவாள். ஒரு நாள், "நைனா, அப்புறம் நண்டு என்ன பண்ணித்து?" என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. என் ஆபீஸ் தெலுங்கு நண்பரை அவர் குழந்தைகள் அப்படித்தான் அழைப்பார்கள். அப்பா என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது. "ஏண்டி, உனக்கு எத்தனை அப்பா?" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் ஊசியை வலையிலேயே விட்டுவிட்டு, "கொயந்த மேல இன்னாத்துக்கு சாமி கோவம்? கதை இன்னும் கீது. நாளைக்கி இட்டுக்கினு வா" என்றார். மறுநாள் நாங்கள் போகவில்லை. பிறகு போகவேயில்லை.

ஐப்பசியில் அவளுக்கு விஷஜுரம் கண்டது. அரை நினைவில், "நைனா, நண்டு..." என்று முனகுவாள். நாடி பார்த்த டாக்டர், "இன்று ராத்திரி தாண்டட்டும்" என்று பையை மூடிய அன்று காலை கரைக்கு ஓடினேன். அவர் உட்காரும் இடத்தில் யாருமில்லை. மீன்கூடையோடு வந்த ஒருத்தியிடம், "இங்கே கதை சொல்வாரே, நைனா என்று, அவர் எங்கே?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "எந்த நைனா? இங்க அல்லாரும் நைனாதான். உன்னியும் அப்டித்தான் கூப்புடுவேன். பேரு இன்னா, அத்தச் சொல்லு நைனா."

"வலை தைக்கிற கிழவர்..."

"வல தைக்காத கெயவன் இங்க யாரு கீறான்? மழைக்கு முன்னாடியே பாதிப்பேரு கொட்டிவாக்கம் பக்கம் பூட்டாங்க."

நான் பொறாமைப்பட்ட அந்தச் சொல், அங்கே யாரும் யாருக்கும் சொல்வது. அவர் பெயரை ஒரு மாலைகூட நான் கேட்டதில்லை. ஜட்கா பிடித்து, அடையாற்றைத் தாண்டிக் கொட்டிவாக்கத்துக்கும் போனேன். அங்கும் பெயரைத்தான் கேட்டார்கள்.

ஜுரம் இறங்கிவிட்டது. முடியெல்லாம் கொட்டிய தலையோடு மகள் வாசல் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். மரம் திரும்பி வந்துவிட்டது என்று நானே ஒரு முடிவு கட்டிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். இன்று அதை வரையச் சொல்லி நோட்டையும் பென்சிலையும் அவள் மடியில் வைத்தேன். வெறும் பக்கத்தைக் கையால் ஒருமுறை தடவினாள்.

"அது நீ சொன்னதுப்பா" என்று நோட்டை மூடி என்னிடமே தந்தாள்.