கரிக்கிலி ட்ரிப்பும் கடன் வாங்கிய குரலும்

டூரிஸ்ட் வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட் பார்க்கத்தான் சொகுசு. பக்கத்திலிருந்து டிரைவர் திட்டுவார், பின்னாலிருந்து கஸ்டமர் திட்டுவார், நாம் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்த சீட்டில் உட்கார்ந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும்.

காலேஜ் லீவ் விட்டால் குமார் சித்தப்பா வேனில் எனக்கு அந்த சீட். ஆள் ஏற்றுவது, இறக்குவது, யாருக்கு வாந்தி வருகிற முகம் என்று கண்டுபிடிப்பது எல்லாம் என் டிபார்ட்மெண்ட். கூடவே யாரும் கேட்காத ஒரு வேலையும் செய்வேன். எவர் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசிக் காட்டுவேன். போன ட்ரிப்பில், வாடிக்கையாக வரும் நெசவுக்காரர் கோதண்டம் மாமா மாதிரி பேசிக்கொண்டே திரும்பினால், கோதண்டம் மாமாவே நின்றிருந்தார்.

அமாவாசை லீவ்

பிள்ளையார்பாளையத்தில் அமாவாசைக்குத் தறி ஓடாது. ஊரே ஆபீசுக்கு ஓடுகிற நாளில் நெசவுக்காரர்களுக்கு மட்டும் லீவ். அதனால் எங்கள் வேனுக்கு அமாவாசைதான் சண்டே. இந்த மார்கழி அமாவாசைக்குக் கரிக்கிலி பறவைகள் சரணாலயம். பக்கத்திலேயே வேடந்தாங்கல் இருப்பதால் கூட்டமெல்லாம் அங்கே போய்விடும். கரிக்கிலியில் ஏரியும் பறவையும் நாமும்தான்.

முதல் ஆளாக ஏறியவர் கோதண்டம் மாமா. சித்தப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாவியைப் போடும் முன்பே சொல்லிவிட்டார். "இன்னைக்கு உன் மேல ஒரு கம்ப்ளெயிண்ட் வந்துச்சுன்னா, அதோட முன் சீட்ட மறந்துடு. லீவ் முழுக்க வீட்ல உக்காந்து உங்கம்மாவுக்கு வெங்காயம் உரிச்சிக்கினு இரு."

ரகசியம்

தறிச் சத்தத்தில் பேசிப் பழகியவர்களுக்கு ரகசியம் பேச வராது. உத்திரமேரூர் ரோட்டில் மல்லிகா அக்கா தன் வீட்டுக்காரர் காதில் குனிந்து, "உங்க அக்கா புளியோதரையில உப்ப அள்ளிக் கொட்டியிருப்பாங்க. துன்னாதீங்க. நான் தனியா இட்லி கொண்ணாந்திருக்கேன்" என்றார். வேனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தும் எல்லோருக்கும் கேட்டது.

சம்பந்தப்பட்ட நாத்தனார் கடைசி சீட்டில்தான் இருந்தார். இதைத் திருப்பிப் பேசிக் காட்டாமல் இருக்க நான் பட்ட பாடு! துப்பட்டாவை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். அப்போது பின்னாலிருந்து வந்தது பதில்: "எனக்கும் ரெண்டு இட்லி அனுப்பு மல்லிகா, அந்தப் புளியோதரைய நானும் துன்ன மாட்டேன்!"

சத்தம் போடாதீங்க

சரணாலய வாசலில் காவலுக்கு இருக்கும் வாட்சருடைய பைக்கைத் தவிர வேறு வண்டியே இல்லை. பறவைகள் பயப்படும், பேசாமல் வாங்க என்று வாட்சர் அண்ணன் மெல்லச் சொன்னார். முன்னால் போனவர் அதைப் பின்னால் வந்தவருக்குச் சொன்னார். அவர் அடுத்தவருக்கு. "பேசக் கூடாதாம்பா!" "இன்னாது?" "பேசக் கூடாதாம்!" கரையோரம் இருந்த வாத்துகள் மொத்தமாக எழுந்து அடுத்த கரைக்குப் போய் உட்கார்ந்தன.

வாட்சர் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க பேசினாக்கூடப் பரவால்லபா, பேசக் கூடாதுன்னு சொல்றத மட்டும் நிறுத்துங்க."

ரோஸ் முந்தி

வாட்சர் காட்டிய மஞ்சள் மூக்கு நாரையை அவருடைய பைனாகுலரில் பார்த்த கோதண்டம் மாமா, அப்புறம் அதை யாருக்கும் தரவில்லை. வெள்ளை உடம்பு, கறுப்பு பார்டர், வால் பக்கம் மட்டும் ரோஸ் முந்தி என்று மல்லிகா அக்காதான் வெறும் கண்ணால் கணக்குப் போட்டார். சாயங்காலம் அஞ்சரைக்கு மேல் பறவைகள் கூட்டம் கூட்டமாக ஏரிக்குத் திரும்பும், அதுதான் பார்க்க வேண்டியது என்றார் வாட்சர். ஆனால் இருட்டும் முன் ஊர் சேர வேண்டும், அஞ்சு மணிக்குக் கிளம்பணும் என்று சித்தப்பா காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

மாமா முகம் சுருங்கிப்போனது. பைனாகுலரை இறக்காமலே கேட்டார்: "வெள்ளையும் ரோஸும் சேர்ற எடத்துல ஒரு பிசிறு இல்லியே, யாருபா நெய்ஞ்சது?"

கெளம்பலாம்

சாப்பாடு முடிந்ததும் சித்தப்பா வேனில் படுத்துவிட்டார். மற்றவர்கள் மர நிழலில் பாயை விரித்தார்கள். மணி நாலே முக்கால் ஆகியும் சித்தப்பா எழுந்திருக்கவில்லை. எனக்கோ காலையிலிருந்து அடக்கி வைத்த நாக்கு. ஒரே ஒரு தடவை என்று மரத்துக்குப் பின்னால் நின்று சித்தப்பா குரலை எடுத்தேன். "கெளம்பலாம் கெளம்பலாம்! ஏறுங்கப்பா, இருட்டிடும்!"

திரும்பிப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் தலை தூக்கவில்லை. தறியில் கண் இழையில் இருக்கும். வீட்டில் யார் கூப்பிட்டாலும் குரலைக் கேட்டுத்தான் பதில். அந்தப் பழக்கத்தில் பாயைச் சுருட்டி, டிபன் பாக்சை மூடி, வரிசையாக வேனுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். போய் ஏறினால் சித்தப்பா முழித்துக்கொள்வார். முழித்தால் வெங்காயம்தான்.

கோதண்டம் மாமா மட்டும் நேராக மரத்துக்குப் பின்னால் வந்தார். "குமாரு கொறட்டை வேன்லருந்து கேக்குது, குமாரு கொரலு மரத்துலருந்து கேக்குது. அது எப்பிடிம்மா?"

இன்னும் ஒரு மணி நேரம்

"மாமா, சித்தப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா" என்று காலில் விழாத குறை. அவர் ஏரியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "சொல்லல. அதே கொரல்ல இன்னும் ஒரு மணி நேரம் இருக்கலாம்னு சொல்லு." சொன்னேன். போனவர்கள் எந்தக் கேள்வியும் கேட்காமல் திரும்பி வந்து பாயை விரித்தார்கள்.

அஞ்சரைக்கு வந்தன. முதலில் கொக்குகள், பிறகு நாரைகள், பிறகு பெயர் தெரியாததெல்லாம் வானத்தை மறைத்துக்கொண்டு. யாரும் பேசவில்லை, பேசாதே என்று சொல்லவும் இல்லை. அப்போது சித்தப்பா லுங்கியை இறுக்கிக்கொண்டு, மணி பார்த்த முகத்தோடு ஓடி வந்தார். வாயைத் திறப்பதற்குள் மல்லிகா அக்கா, "ரொம்ப பெரிய மனசுண்ணா உங்களுக்கு. நீங்க மட்டும் இருக்கச் சொல்லலேன்னா இத எங்க பாத்திருப்போம்? அடுத்த அமாவாசைக்கும் உங்க வேன்தான்!" என்றார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் கோதண்டம் மாமாவைப் பார்த்தேன். அவர் பைனாகுலரை இறக்கவே இல்லை. "பரவால்லம்மா, நம்ம ஜனங்கதானே" என்று சித்தப்பா நெளிந்தார். எல்லோரும் ஏறிய பிறகு முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என் காதருகே சொன்னார்: "நான் இவ்ளோ நல்லவன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஏறு!"

இந்தத் தொழிலில் வாய் யாருடையதாக இருந்தாலும், நல்ல பேர் என்னவோ ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குத்தான் போய்ச் சேருகிறது.