குழாய்க்காரியின் குளிர்காலம்

மலையடிவாரத்தில் குழாய்க்காரியைத் தெரியாதவர் கிடையாது. மின்கம்பி எட்டாத உயரத்தில், வீட்டுக்காரர் இறந்த பிறகும் ஒண்டியாகவே குடியிருந்தாள். ஊற்றிலிருந்து அடுப்பங்கரை வரை குழாய் இழுத்தது அவள்தான். விறகு பிளக்க, கூரையில் விழுந்த பனியைத் தள்ள, எல்லாவற்றுக்கும் அவளே ஆள். பிடிவாதத்துக்கும் குறைச்சலில்லை.

அவளைக் கையோடு கீழே கூட்டிப்போவதென்று கங்கணம் கட்டிக்கொண்டு அண்ணன் ஏறி வந்திருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், எதிலும் கறார். படுக்கப் போகும்போது குழாய் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். மனசு கேட்குமா? இறுக்கி மூடிவிட்டுக் குறட்டை விட்டார்.

நல்ல காரியம் செய்தார், போங்கள்! அந்தக் குளிரில் ஓடுகிற தண்ணீர் தப்பிக்கும், நின்றால் உறைந்துவிடும். விடிந்தபோது குழாய்க்குள் ஒரே பனிக்கட்டி.

"யாரு மூடினது?"

"வீணாப் போகுதேன்னு நான்தாம்மா..."

"உன்னை என்னதான் பண்றது அண்ணா?"

குழாய் வெடித்தால் மாற்றுக் குழாய் இல்லை. பனியை உருக்கியே குடிப்பதென்றால் விறகு காணாது. மூட்டை கட்டிக்கொண்டு இறங்கவேண்டியதுதான். அண்ணன் கேட்டதும் அதைத்தானே? ஆனாலும் கெட்டிலும் கையுமாக ஓடி ஓடி வெந்நீர் கொண்டுவந்தார், பாவம்.

அவள் குழாயைத் திறந்துவைத்து, பழந்துணியைச் சுற்றினாள்.

"வாய்ப்பக்கம் இருந்து மெதுவா ஊத்து. உருகினது வெளிய வர வழி வேணும்."

ஊற்றிக்கொண்டே அவர் கேட்டார்: "இங்க நீ வழுக்கி விழுந்தா யாரும்மா பாக்கறது?"

"விழுந்தேனே, போன மாசம். விறகுக்கட்டோட."

"ஐயையோ! அப்புறம்?"

"கொஞ்ச நேரம் அழுதேன். யாரும் வரல. எழுந்துட்டேன்."

அவர் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இவள்?

வெகுநேரம் கழித்துக் குழாய் இரண்டு முறை இருமியது. பிறகு தண்ணீர் கொட்டியது. எங்கும் விரிசல் இல்லை. அவளுக்கு உயிர் வந்தது.

"சாப்பிட்டுக் கிளம்பு அண்ணா. வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிடணும்."

"நீ வரப்போறதில்ல. அப்ப நான் இருக்கேன், பனி முடியறவரைக்கும்."

"இந்தக் குளிரு உனக்கு ஆகாது. விறகு பிளப்பியா? பனி தள்ளுவியா?"

"எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நீ அழுதா பக்கத்துல உக்காந்திருப்பேன். அது தெரியும்."

திட்டத்தான் வாயெடுத்தாள். "சரி, இரு" என்றுதான் வந்தது.