பழனி என் அண்ணன் மகன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. வெள்ளிக்கிழமை பூஜையில்கூடப் பின்னால் தூணோரம்தான் உட்காருவேன். அம்மன் செய்ததைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் மற்றவர்கள் எழுந்து தங்களுக்கு நடந்ததைச் சொல்லும்போது நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பது திருட்டுப்போல இருக்கிறது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். யாராவது வாசித்துவிடுங்கள்.

பவ வருஷம் தை மாதம் என் மகள் வள்ளியாத்தாளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை பெரியநாயக்கன்பாளையம் பக்கம். நல்ல இடம். ஆனால் எனக்கு எழுதிங்கள் சீர் ஆகியிருக்கவில்லை. பிறந்த வீட்டார் வந்து அந்தச் சீரைச் செய்தால்தான் எங்களில் ஒரு பெண் கல்யாணப் பந்தலில் நின்று காரியம் செய்யலாம். இல்லாவிட்டால் பெற்ற மகளுக்குப் பூ வைக்கக்கூட முடியாது. எனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது கோபிசெட்டிபாளையம் பக்கத்து அண்ணன் ஒருவர்தான். அவர் என்னோடு பேசி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

தப்பு என்னுடையது. தன் மகன் பழனிக்கு வள்ளியாத்தாளைக் கேட்டிருந்தார் அண்ணன். பழனி முறைப்பையன், கேட்க உரிமை உண்டு. ஆனால் அவனுக்குக் காக்கா வலிப்பு. ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் உறவுக்காரர்கள் நிற்கும்போதே, "வலிப்புக்காரனுக்குக் குடுக்கறதுக்குப் புள்ளையக் கெணத்துல தள்ளிப்போடலாம்" என்று சொல்லிவிட்டேன். பேசத் தெரியாதவள் அன்றைக்குப் பார்த்துப் பேசினேன்.

என் வீட்டுக்காரர் இரண்டு முறை அண்ணனைக் கூப்பிடப் போய் வெறுங்கையோடு வந்தார். பெற்றவள் பந்தலுக்கு வெளியே நிற்கிற கல்யாணம் தங்களுக்கு வேண்டாம் என்று சம்பந்தி வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். மார்கழி முழுவதும் ஒருவேளைச் சோறு சாப்பிட்டு, ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றினேன். அண்ணன் என் வாசல்படி ஏறவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று கேட்டேன்.

கடைசியில் நானே போனேன். அண்ணன் வா என்று சொல்லவில்லை. உள்ளே போய்ப் பழனியைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினார்.

"சந்தையில சொன்னத இவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு அம்மணி. சொன்னீன்னா வாரேன்."

தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். நிமிர்ந்து பார்த்துச் சொல்லச் சொன்னார். நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன். கிணறு என்ற சொல்லையும் விடவில்லை.

பழனி தன் அப்பா பக்கம் திரும்பினான். "அத்தை மறைக்காமச் சொல்லிப்போட்டாங்கல்லங்கப்பா. என்னைக்குச் சீருன்னு கேட்டுக்குங்க" என்றான்.

அண்ணன் வந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் எனக்குச் சீர் நடந்தது. சீர்க்கூடையைப் பழனிதான் சுமந்து வந்து இறக்கினான். புதுப் பட்டு வேட்டி கட்டியிருந்தான். என் வேண்டுதல் பலித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முகூர்த்த நேரம். பெண்ணை அழைத்து வருவதற்கு முன்னால், பந்தலில் தண்ணீர்க் குடங்களுக்குப் பக்கத்தில் பழனி விழுந்தான். வாயில் நுரை தள்ளியது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள்.

சம்பந்தியம்மாள் என்னிடம் வந்தார். "ஏனுங்க, ஆருங்க அது? உங்க சொந்தமுங்களா?"

தாலி இன்னும் ஏறவில்லை. வம்சத்தில் வலிப்பு என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவார்கள். தாயே, இந்த ஒரு நேரத்தைத் தாண்டவைத்துவிடு என்று மனசுக்குள் கேட்டேன். கேட்டுக்கொண்டே வாய் திறந்தேன்.

"வண்டிக்காரனுங்க. அண்ணங்கூட வந்தவன்."

அண்ணன் தாம்பாளத்தோடு பக்கத்தில் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்யாணம் நின்றுவிடும்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "வண்டிக்காரனுக்கு என்னத்துக்குங்க பட்டு வேட்டி?"

அதற்குள் பழனிக்குத் தெளிந்திருந்தது. எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டான்.

"சீருக்குன்னு குடுத்தாங்க. நான் வண்டிக்காரந்தானுங்க."

"வண்டிக்காரனே பட்டுக் கட்டற ஊடு. நம்ம பையனுக்கு ஒண்ணும் கொறையில்ல போ" என்று அவள் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் வாய் திறக்கவில்லை. தாலி ஏறியது.

பந்தியில் யாரோ பழனியின் கையைப் பிடித்து, மாடு கட்டியிருந்த பக்கம் வண்டிக்காரர்கள் வரிசையில் உட்காரவைத்தார்கள். மாமன் என்று அண்ணனுக்கு முதல் இலை போட்டிருந்தார்கள். அவர் அதில் கை வைக்கவில்லை. அந்த வரிசைக்கு நான் பரிமாறப் போகவில்லை.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. வள்ளியாத்தாளுக்கு ஓர் ஆண் குழந்தை. நல்ல சுகம். அம்மன்தான் காப்பாற்றினாள் என்று நம்புகிறேன். என் மகள் வாழ்கிறாள், அதற்குத் தினமும் அம்மனைக் கும்பிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அவள் எனக்காகப் பேசிய வாய், நான் இல்லையென்று சொன்ன பிள்ளையின் வாய். கோயிலில் கண்ணை மூடினால் அம்மன் முகத்துக்கு முன்னால் அவன் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் தெரிகிறது. அதனால் இப்போது சொல்கிறேன். பழனி என் அண்ணன் மகன். இது சம்பந்தி வீட்டார் காதுக்குப் போகும். போகட்டும். அதையும் அவள் பார்த்துக்கொள்வாள்.

உங்களுக்கும் இக்கட்டு வந்தால் அவளிடம் கேளுங்கள். பயப்படாமல் கேளுங்கள். கேட்ட பிறகு என்னைப்போலப் பொய் சொல்லிவிடாமல் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் அண்ணன் ஊருக்குக் கிளம்பினார். வலிப்பு வருமென்று பழனியை ஒருநாளும் வண்டி ஓட்ட விட்டதில்லை. வரும்போதும் அண்ணன்தான் ஓட்டி வந்தார். சம்பந்தி வீட்டார் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். பழனி முன்னால் ஏறிக் கயிற்றைப் பிடித்தான். அண்ணன் பின்னால் உட்கார்ந்து போனார்.