வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓர் அக்சலோட்டிலுடன்

இதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். கடந்த சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாமன்னர்களும் அஞ்சும் ஒரு பயணத்தை நான் ஒரு வாளியோடு முடித்தேன். தூரம், கொழும்புக்குள்ளேயே பதினொன்றரைக் கிலோமீட்டர்.

வாளிக்குள் இருந்தது அக்சலோட்டில். மெக்சிகோ ஏரிப் பிராணி. பல்லிக்கும் மீனுக்கும் நடுவில் கடவுள் வேலையைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனது போன்ற உருவம். தலைக்கு வெளியே இறகு மாதிரிச் செவுள்கள். கால் அறுந்தால் மறுபடி முளைக்கும். வெக்கையைத்தான் தாங்காது. என் தங்கை மகள் நிரோஷா வளர்ப்பது. அன்று மதியம் தொட்டித் தண்ணீரைக் குளிராக்கும் மெஷின் நின்றுவிட்டது. அவளுடைய கொட்டாஞ்சேனைச் சிநேகிதி வீட்டில் குளிர்த்தொட்டி இருந்தது. நிரோஷாவுக்கு வேலை, சும்மா இருப்பவன் நான்.

“மாமா, தண்ணி இருபத்தஞ்சு டிகிரியைத் தாண்டினா ஆள் தப்பாது. வழியில ஆரோடயும் கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ!”

2.10க்கு ஆட்டோ ஏறினேன். வாளியில் தொங்கிய வெப்பமானி இருபது காட்டியது. ஓட்டுநர் செபஸ்தியான், முகத்துவாரத்துக்காரர்.

“அங்கிள், இது கடிக்குமா?”

“போன மாசம் காலி வீதியில ஒரு நூறாம் நம்பர் பஸ்ஸை விழுங்கினது.”

“அதான் ரோட்ல ஒண்டையும் காணல.”

கொள்ளுப்பிட்டியில் இருபத்திரண்டு. காலிமுகத்திடலில் கடல் எழுந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தது. புறக்கோட்டை நெரிசலில் எனக்குத் தாடி வளர்ந்து, நரைத்து, உதிர்ந்தது. இருபத்துநான்கு. 3.25க்குக் கொச்சிக்கடையில் அடியோடு நின்றோம். செவ்வாய் என்றால் சகல மதத்தாரும் இங்குள்ள அந்தோனியார் கோயிலுக்கு வருவார்கள் என்பது கொழும்பில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு மறந்துவிட்டது. இருபத்தாறு. பிராணி ஒரு பக்கம் சரிந்தது. செவுள்கள் சுருண்டு அசைவற்றுப் போயின. நிரோஷாவின் அழைப்பை நான் எடுக்கவில்லை.

செபஸ்தியான் குதித்து, தெருவோர மீன்காரரிடம் ஓடினார்.

“அண்ணே, ஐஸ் தாங்க, அவசரம்!”

மீன்காரர் ஐஸ் உருகாமல் வைக்கும் வெள்ளை ரெஜிஃபோம் பெட்டியோடு வந்து வாளியைப் பார்த்தார். “ஐஸ் போடுறது செத்த மீனுக்குடா. இது உசிரோட கிடக்கே.”

“அப்படியே கிடக்கட்டும்னுதான் கேக்குறன்!”

ஐஸை இரண்டு பைகளில் இறுக்கிக் கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டோம். பின்னால் ஹோர்ன் சத்தம். இருபத்தைந்து. இருபத்துநான்கு. ஒரு செவுள் மெல்ல நிமிர்ந்தது. உடனே கொச்சிக்கடை முழுதும் வெடி கொளுத்தியது. துறைமுகத்தில் ஏழு கப்பல்கள் சங்கு ஊதின.

4.05க்குக் குளிர்த்தொட்டியில் இறக்கினோம். ஆட்டோவுக்கு 1,340 ரூபாய்.

இப்படி ஒரு சீவனோடு போகிறவர்களுக்கு: காலை ஆறு மணிக்குப் புறப்படுங்கள். செவ்வாய் வேண்டாம். ஐஸை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். நேரே தண்ணீரில் போடாதீர்கள், பையில் கட்டுங்கள். வாளிக்குப் பதில் மூடிபோட்ட ரெஜிஃபோம் பெட்டி எடுங்கள்.

கடல் எழவில்லை, எனக்குத் தாடியே கிடையாது. வெடியும் சங்கும் என் கைச்சரக்கு. ஆனால் அந்தச் செவுள் அசைந்ததும், ஆட்டோவுக்குள் தலையை விட்டிருந்த மூன்று வளர்ந்த ஆண்கள் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவர் அழுதார். அது மட்டும் உண்மை. அழுதது மீன்காரரும் அல்ல, செபஸ்தியானும் அல்ல.